புயோ புயோ: செயின் என்றால் என்ன, அதை எப்படிக் கட்டுவது?

மேலேயிருந்து விழுகிற நிற உருண்டைகளை, அதாவது புயோக்களை, திரையில் அவரவர் பெட்டிக்குள் அடுக்கி இரண்டு பேர் மோதுகிற வீடியோ விளையாட்டுத்தான் புயோ புயோ. இதைப் புதிதாக விளையாட வருகிற எல்லோரும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். ஒரே நிறத்தில் நான்கு சேர்ந்தால் மறைந்துவிடும் என்று யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்கள். உடனே கண்ணில் படுகிற நான்கையெல்லாம் சேர்த்து அழிக்கத் தொடங்கிவிடுவார்கள். பெட்டி துப்புரவாக இருக்கும், கை வேகமாக ஓடும், பக்கத்தில் நின்று பார்க்கிறவருக்கும் நன்றாக விளையாடுவதாகவே தெரியும். அப்புறம் எதிரில் இருப்பவர் ஒரேயொரு புயோவைப் போடுவார். அவருடைய பெட்டியில் நாலு நிறமும் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும். இந்தப் பக்கம் மேலேயிருந்து சாம்பல் நிறக் குப்பை கொட்டி ஆட்டம் முடிந்துவிடும்.

அந்த ஒரு புயோவுக்குப் பின்னால் இருக்கிற வேலைக்குத்தான் செயின் என்று பெயர். விரல் வேகம், நுணுக்கமான உத்திகள், பெரிய ஆட்டக்காரர்களின் அடுக்கு முறைகள் எல்லாம் பிறகு வரட்டும். செயின் விளங்காமல் எத்தனை ஆட்டம் ஆடினாலும் தோல்வி அதே மாதிரித்தான் வரும். அதனால் இந்தக் கட்டுரையில் செயினைப் பற்றியே கூடுதலாகச் சொல்கிறேன்.

முதலில் விளையாட்டின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஹிரோஷிமாவில் இருந்த கொம்பைல் என்ற நிறுவனம் 1991 ஒக்டோபரில் இதை முதன்முதலில் வெளியிட்டது. அப்போது யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லை. பற்றரிகூட இங்கே கொண்டுவரத் தடைசெய்யப்பட்டிருந்த பொருள். ஆகவே என் வயதுக்காரர் பலர் இந்த விளையாட்டைச் சிறுவயதில் பார்த்ததே இல்லை. 1992 இல் சேகா என்ற விளையாட்டு நிறுவனத்துடன் சேர்ந்து காசு போட்டு விளையாடும் கடை இயந்திரங்களுக்கு ஒரு பதிப்பு வந்தது. இரண்டு பேர் எதிரெதிராக மோதுகிற விளையாட்டாக இது பரவியது அதிலிருந்துதான். 1994 இல் வந்த இரண்டாம் பாகம், அதாவது புயோ புயோ 2, இன்றைக்கும் போட்டி ஆட்டக்காரர்கள் அடிப்படையாக வைத்திருக்கிற விதிகளைத் தந்தது. உரிமை பின்னர் சேகாவின் கைக்குப் போய்விட்டது. ஜப்பானில் 2018 இலிருந்து இதற்குத் தொழில்முறை ஆட்டக்காரர் உரிமமே கொடுக்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்கு இது வந்தது வெளிநாட்டுச் சொந்தங்களோடு. நல்லூர்க் கொடியேற்றத்தை ஒட்டிக் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிறவர்களின் பிள்ளைகளுடைய பையில் நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்று கட்டாயம் இருக்கும். திருவிழா 25 நாள். பகல் வெயிலில் வெளியே போக முடியாத நேரத்தில் பெடியள் எல்லோரும் அதைச் சுற்றித்தான் இருப்பார்கள். இப்போது கணினியிலும் விளையாடலாம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு 2019 இல் உலகெங்கும் வெளியான ‘புயோ புயோ சம்பியன்ஸ்’ போதும். அதில் புயோ புயோ 2 விதி, ஃபீவர் விதி என்று இரண்டு இருக்கும். தொடக்கத்தில் ஃபீவர் பக்கமே போக வேண்டாம், 2 விதியில் நில்லுங்கள். கீழே நான் சொல்கிற கணக்குகளும் 1994 இன் அந்த விதிக்குரியவை. மற்றப் பதிப்புகளில் எண்கள் கொஞ்சம் மாறும், ஆனால் தத்துவம் மாறாது.

சரி, விதிகளுக்கு வருவோம். பெட்டியில் 6 நிரல், கண்ணுக்குத் தெரிகிற 12 நிரை. அதற்கு மேலே 13ஆவதாக ஒரு மறைவான நிரையும் உண்டு. கண் வைத்த மெதுமெதுப்பான உருண்டைகள்தான் புயோக்கள். அவை சோடி சோடியாக விழும். சோடியின் இரண்டும் ஒரே நிறமாகவும் இருக்கலாம், வெவ்வேறு நிறமாகவும் இருக்கலாம். நாம் அதை இடம் வலமாக நகர்த்தலாம், சுழற்றலாம். ஒரு ஆட்டத்தில் நான்கு நிறங்கள்தான் வரும். மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஒட்டியபடி ஒரே நிறத்தில் நான்கு சேர்ந்தால் அந்தக் கூட்டம் மறையும். எந்த வடிவமாக இருந்தாலும் சரி. மூலைவிட்டமாகத் தொட்டுக்கொண்டிருப்பது கணக்கில் வராது. இடப்பக்கமிருந்து எண்ணினால் மூன்றாவது நிரலின் 12ஆவது நிரை வரை அடைபட்டால் ஆட்டம் போச்சு. மற்ற நிரல்கள் நிரம்பினாலும் பரவாயில்லை, அந்த ஒரு இடத்தை மட்டும் எப்போதும் திறந்து வைத்திருக்க வேண்டும்.

டெட்ரிஸ் விளையாடிப் பழகியவர்கள் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். டெட்ரிஸில் கட்டை விழுந்த வடிவத்திலேயே நிற்கும், கீழே பொந்து இருந்தால் பொந்து அப்படியே இருக்கும். புயோவில் பொந்தே கிடையாது. ஒவ்வொரு புயோவும் தனித்தனியாகக் கீழே இறங்கும். உயரம் வேறான இரண்டு நிரல்களுக்கு மேலே ஒரு சோடியைப் படுக்கையாகப் போட்டால் அது பிரிந்து, ஒன்று மேலேயும் மற்றது கீழேயுமாக நிற்கும். அதேபோல ஒரு கூட்டம் மறைந்ததும் அதற்கு மேலே இருந்தவை எல்லாம் கீழே இறங்கிவிடும். செயின் என்பது முழுக்க முழுக்க இந்த இறக்கத்தை வைத்துத்தான்.

மிகச் சிறிய செயினைக் கட்டிப் பார்ப்போம். அடி நிரையில் இடப்பக்கம் மூன்று சிவப்பு, வலப்பக்கம் மூன்று பச்சை. ஆறு நிரலும் நிரம்பிவிட்டது. இப்போது மூன்றாவது நிரலில், சிவப்புக்கு மேலே, ஒரு பச்சை இருக்கிறது. அது நான்காவது நிரலின் பச்சைக்கு மூலைவிட்டமாக இருப்பதால் இன்னும் ஒட்டவில்லை. முதலாவது நிரலில் ஒரு சிவப்பைப் போடுங்கள். சிவப்பு நான்காகி மறையும். மேலே தனியாக இருந்த பச்சை ஒரு படி இறங்கி, பக்கத்தில் இருந்த மூன்று பச்சையோடு சேரும். நாம் ஒன்றும் செய்யாமலேயே அந்த நாலும் மறையும். இது இரண்டு படிச் செயின். முதல் சிவப்பைத் தொடங்கி வைத்த அந்தப் புயோவை ட்ரிகர் என்பார்கள்.

இப்படித் தானாக நடந்த அந்த இரண்டாவது மறைவுக்கு விளையாட்டு கொடுக்கிற புள்ளி சாதாரண மறைவைவிட எட்டு மடங்கு. ஏன் அவசரப்பட்டு அழிக்கக் கூடாது என்பது இந்த எண்ணிலேயே இருக்கிறது. நான்கு புயோ தனியாக மறைந்தால் 40 புள்ளி. செயினின் இரண்டாம் படியில் அதே நான்கு மறைந்தால் 320. மூன்றாம் படியில் 640, நான்காம் படியில் 1280, ஐந்தாம் படியில் 2560. அதற்குப் பிறகு இரட்டிப்பு நின்றுவிடும், ஆனாலும் படிக்குப் படி கூடிக்கொண்டே போகும்.

புள்ளி எதற்கு? ஒவ்வொரு 70 புள்ளிக்கும் எதிராளியின் பெட்டியில் ஒரு குப்பைப் புயோ விழும். குப்பைக்கு நிறம் இல்லை, நான்கு சேர்ந்தாலும் மறையாது. பக்கத்தில் ஒட்டியிருக்கிற நிறப் புயோ மறையும்போதுதான் அதுவும் சேர்ந்து போகும்.

இப்போது 16 புயோக்களை எடுத்துக்கொள்வோம். அவற்றை நாலு நாலாக, தனித்தனியாக நான்கு முறை அழித்தால் 160 புள்ளி. எதிராளிக்குப் போவது இரண்டு குப்பை. அவர் கவனிக்கவே மாட்டார். அதே 16 ஐ நான்கு படிச் செயினாக வெடிக்க வைத்தால் 40, 320, 640, 1280 எல்லாம் சேர்ந்து 2280. அது 32 குப்பை, அதாவது ஐந்து முழு நிரைக்கும் மேல். ஐந்து படி என்றால் 4840 புள்ளி, 69 குப்பை. பெட்டியில் கண்ணுக்குத் தெரிகிற இடமே 72 தான். ஆறு படி 124 குப்பை. (ஒரே தடவையில் 30 குப்பைதான் விழும், மிச்சம் அடுத்தடுத்த தடவைகளில் வரும். இடையில் ஒரு சோடி போட அவருக்கு வாய்ப்புக் கிடைக்கும், அவ்வளவுதான்.)

போன விடுமுறையில் என் பெறாமகள் தன் அண்ணனிடம் தோற்றுவிட்டு வந்து கேட்டாள்:

“சித்தப்பா, நான் வடிவா அழிச்சுக்கொண்டுதானே இருந்தனான். பிறகென்னெண்டு தோத்தனான்?”

“அழிச்சபடியாத்தான் பிள்ளை தோத்தனீங்கள். அண்ணா என்ன செய்தவர் எண்டு பாத்தனீங்களோ?”

“அவர் ஒண்டையும் அழிக்கேல்ல. சும்மா அடுக்கிக்கொண்டே இருந்தவர்.”

அவளுக்குப் பதில் அவளுடைய வாயாலேயே வந்துவிட்டது. அந்தச் ‘சும்மா அடுக்கிக்கொண்டே’ இருப்பதுதான் விளையாட்டு. கையில் இருக்கிற நான்காவது சிவப்பை இப்போதே சேர்த்தால் 40 புள்ளி. சேர்க்காமல் மூன்று சிவப்பாகவே வைத்துவிட்டு அதற்கு மேலே அடுத்ததைக் கட்டினால், அந்த மூன்று சிவப்பும் பெரிய செயினின் ஒரு படியாகிவிடும். புதியவர்கள் பழக வேண்டிய முதல் பழக்கம் மூன்றில் நிறுத்துவது. கை தானாக நாலாவதைத் தேடிப் போகும். அதை அடக்குவதற்குக் கொஞ்சம் நாள் எடுக்கும்.

இனி அந்த நான்கு படிச் செயினை எப்படிக் கட்டுவது என்று பார்ப்போம். இதற்குப் படிக்கட்டு முறை என்று பெயர். தொடக்கத்தில் கற்றுக்கொள்ள இதைவிடத் தெளிவான முறை வேறில்லை. கீழே சி என்பது சிவப்பு, ப பச்சை, நீ நீலம், ம மஞ்சள். கோடு வெறும் இடம். இடப்பக்க எண் நிரையைக் காட்டும்.

4 – ப நீ ம – –
3 – சி ப நீ ம –
2 – சி ப நீ ம –
1 – சி ப நீ ம –

முதலாவது நிரலை வேண்டுமென்றே வெறுமையாக விட்டிருக்கிறோம். இரண்டாவதில் மூன்று சிவப்பு, அதற்கு மேலே ஒரு பச்சை. மூன்றாவதில் மூன்று பச்சை, மேலே ஒரு நீலம். நான்காவதில் மூன்று நீலம், மேலே ஒரு மஞ்சள். ஐந்தாவதில் மூன்று மஞ்சள். ஒவ்வொரு நிரலின் தலையிலும் பக்கத்து நிரலின் நிறம் இருக்கிறது. பக்கத்து நிரலின் மூன்றும் கீழே நிற்பதால் இவை ஒன்றையொன்று தொடவில்லை.

வெறுமையாக இருக்கிற முதலாவது நிரலில் ஒரு சிவப்பைப் போடுங்கள். அது அடியில் போய் இரண்டாவது நிரலின் சிவப்போடு ஒட்டும். சிவப்பு நாலும் போகும். தலையில் இருந்த பச்சை நேரே அடிக்கு இறங்கி மூன்று பச்சையோடு சேரும், அவையும் போகும். நீலம் இறங்கும், போகும். மஞ்சள் இறங்கும், போகும். 32 குப்பை எதிராளியின் தலைக்கு மேலே வரிசையில் நிற்கும்.

படத்தில் பார்க்க இலேசாக இருக்கும். உண்மையான ஆட்டத்தில் நாம் கேட்கிற நிறம் கேட்கிற நேரத்தில் வராது. அங்கேதான் புதியவர்கள் குழம்புகிறார்கள். இதற்கு என்னுடைய ஆலோசனை: நிறங்களின் வரிசையை முன்கூட்டியே மனதில் தீர்மானிக்காதீர்கள். சிவப்புக்குப் பக்கத்தில் பச்சைதான் இருக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. முதலில் வருகிற சோடிகளைப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் சேர்ந்த சோடி இரண்டு தடவை வந்தால் அவற்றைப் படுக்கையாக இரண்டாவது, மூன்றாவது நிரல்களில் வையுங்கள். சிவப்பும் நீலமுமாக வந்துகொண்டிருந்தால் நீலத்தைப் பக்கத்து நிறமாக்குங்கள். பக்கத்துப் பக்கத்து நிறங்களின் சோடி படுக்கையாக அழகாகப் பொருந்தும். ஒரு நிரலில் இரண்டு சிவப்பு ஏற்கெனவே இருந்தால், சிவப்பும் பச்சையும் உள்ள சோடியைச் சிவப்புக் கீழே வரும்படி நிமிர்த்திப் போடலாம். மூன்றாவது சிவப்பும் தலைப் பச்சையும் ஒரே தடவையில் அமைந்துவிடும். ஒரே நிறச் சோடி வந்தால் அதன் நிரலில் நேரே இறக்குங்கள். எங்கேயும் பொருந்தாதவற்றுக்கு ஆறாவது நிரல் இருக்கிறது. முதலாவதில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

அடுத்து வரப்போகிற இரண்டு சோடிகளையும் விளையாட்டு பெட்டிக்குப் பக்கத்தில் காட்டிக்கொண்டே இருக்கும். புதியவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை, கண் முழுக்க விழுந்துகொண்டிருக்கிற சோடியிலேயே இருக்கும். சோடி விழத் தொடங்க முன்னரே அதற்கு இடம் தீர்மானமாகியிருக்க வேண்டும், கண் அடுத்ததற்குப் போய்விட வேண்டும். இன்னொரு நல்ல செய்தி, இரண்டு ஆட்டக்காரருக்கும் ஒரே வரிசையில்தான் சோடிகள் வருகின்றன. எதிராளிக்கு நல்லது வந்தது, எனக்கு வரவில்லை என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த நேர்மை அது.

நான்கு படி கைக்கு வந்த பிறகு ஐந்தாவதைச் சேர்ப்பது சின்ன வேலை. ஆறாவது நிரலில் மூன்று சிவப்பு, ஐந்தாவதின் தலையில் ஒரு சிவப்பு. மஞ்சள் வெடித்ததும் அந்தச் சிவப்பு இறங்கி வலப்பக்கச் சிவப்புகளோடு சேரும். அப்போது 69 குப்பை. அதற்குமேல் போக வேண்டுமென்றால் அடுக்கை மேலே கொண்டுபோய்த் திருப்ப வேண்டும்: கீழே ஒரு திசையில் ஓடுகிற செயினுக்கு மேல்தட்டில் எதிர்த்திசையில் இன்னொரு தொடர் கட்டி, ட்ரிகரை உயரத்துக்குக் கொண்டுபோவது. பெரிய ஆட்டக்காரர்கள் ஜிடிஆர் என்று சொல்கிற அமைப்பு அந்தத் திருப்பத்துக்கானதுதான். அவர்கள் பத்துப் படிக்கு மேல் சாதாரணமாகக் கட்டுவார்கள். 6 நிரலும் 13 நிரையும் சேர்ந்து 78 இடம், ஒரு படிக்கு நான்கு என்றால் உச்சம் 19 படி. அது தொலைவான மலை. ஐந்து படி பிழையில்லாமல் வந்தால் எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை வென்றுவிடலாம்.

இதுவரை எதிராளி சும்மா இருந்தார் என்று வைத்துக்கொண்டு பேசினேன். அவர் சும்மா இருக்க மாட்டார்.

நீங்கள் படிக்கட்டை முடித்துச் சிவப்புக்காகக் காத்திருக்கிறீர்கள். அவர் ஒரு மூன்று படிச் செயினை வெடிக்க வைக்கிறார். அது 1000 புள்ளி, 14 குப்பை. உங்கள் ஆறு நிரலிலும் இரண்டு இரண்டாக 12 விழும், மீதி இரண்டும் எந்த நிரலில் விழும் என்று சொல்ல முடியாது. முதலாவது நிரலை மட்டும் பாருங்கள். அங்கே இரண்டு குப்பை விழுந்திருந்தால் தப்பினீர்கள். சிவப்பைப் போட்டால் அது மூன்றாவது நிரையில் நிற்கும், பக்கத்தில் இன்னும் ஒரு சிவப்பு இருக்கிறது, செயின் ஓடும். ஒட்டியிருந்த குப்பையும் சேர்ந்து போகும். ஆனால் சோடியில் சிவப்புக் கீழே இருக்க வேண்டும். அங்கே மூன்று குப்பை விழுந்திருந்தால் சிவப்பு நான்காவது நிரையில்தான் நிற்கும், பக்கத்தில் இருப்பது பச்சை. 15 புயோவைப் பொறுக்கிக் கட்டிய படிக்கட்டு முழுக்க உள்ளே கிடந்து அடைபட்டுவிட்டது. மேலே சின்னச் சின்னதாக வெடிக்க வைத்து, குப்பையைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துத்தான் ட்ரிகரை மீண்டும் திறக்க முடியும். அதற்குள் அவர் அடுத்ததைக் கட்டிவிடுவார்.

ஆகவே சின்னச் செயின் கொல்வதற்காக அல்லாமல் ட்ரிகரை மூடுவதற்காகவே எறியப்படுகிறது. இது விளங்கினால் எதிராளியின் பெட்டியைப் பார்க்கும்போது என்ன தேட வேண்டும் என்பதும் விளங்கிவிடும். அவருடைய ட்ரிகர் எங்கே இருக்கிறது, எத்தனை குப்பை விழுந்தால் அது மூடும் என்பதைத்தான்.

1994 இன் விதிகளில் வந்த மிகப் பெரிய மாற்றம் கழித்தல். அதற்கு முந்தைய பதிப்பில் எதிராளி அனுப்பிய குப்பையைத் தடுக்க வழியே இல்லை, யார் முதலில் போதுமான செயினைக் கட்டி வெடிக்க வைத்தாரோ அவர் வென்றார். புயோ புயோ 2 இல் உங்கள் தலைக்கு மேலே காத்திருக்கிற குப்பையை உங்கள் செயினால் கழிக்கலாம். மேலே காட்டிய உதாரணத்தையே எடுங்கள். அவர் 14 அனுப்பினார். அது விழ முதல் உங்கள் கைக்குச் சிவப்பு வந்துவிட்டது. நான்கு படி வெடிக்கிறது, 32. அதில் 14 கழிபட்டுப் போக மீதி 18 அவருடைய தலையில் விழுகிறது. சரியாக மூன்று நிரை. அவர் செயினைச் செலவழித்துவிட்டார், கையில் ஒன்றும் இல்லை, மேலே மூன்று நிரைக் குப்பை.

தலைக்கு மேலே எவ்வளவு நிற்கிறது என்பதை அடையாளங்கள் காட்டும். சின்ன உருண்டை 1, பெரிய உருண்டை 6, சிவப்புப் பாறை 30. இவை மூன்றையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பாறை ஒன்று தெரிந்தால் ஐந்து நிரை வரப்போகிறது என்று அர்த்தம்.

இந்தக் கழித்தலால்தான் ஆட்டத்தில் பொறுமைக்கு விலை வந்தது. ஒருவர் பெரிய செயினை வெடிக்க வைத்தால் அது ஓடி முடியும் வரை குப்பை விழாது. ஒவ்வொரு படியும் வெடித்து, இறங்கி, அடுத்தது வெடிக்க நேரம் எடுக்கும். அந்த நேரம் முழுவதும் மற்றவர் தன் பெட்டியில் மேலும் சோடிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். அவருடையது எத்தனை படி என்று பார்த்து, அதைவிட ஒரு படி கூட்டிக் கட்டிப் பதில் கொடுக்கலாம். அதனால் முதலில் வெடிக்க வைப்பவருக்குப் பெரும்பாலும் நட்டம். அதற்காக இரண்டு பேரும் காத்துக்கொண்டே இருக்கவும் முடியாது. பெட்டி நிரம்பிக்கொண்டு வரும். 96 செக்கனுக்குப் பிறகு ஒரு குப்பைக்கு வேண்டிய புள்ளியும் 70 இலிருந்து குறையத் தொடங்கும். அப்போது சின்னச் செயின்கூடப் பாரமாகிவிடும்.

304 என்ற சீட்டாட்டம் விளையாடி வளர்ந்த ஊர் இது. துருப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு எதிர்க்கட்சி தடுமாறுவதைப் பார்த்திருப்பது நம்மவர்களுக்குப் பழகிய சுகம். புயோவில் கவிழ்த்து வைக்க ஒன்றும் இல்லை. இருவருடைய பெட்டியும் திறந்து கிடக்கிறது, வரப்போகிற சோடியும் தெரிகிறது. அவர் எத்தனை படி கட்டியிருக்கிறார், எந்த நிறத்துக்காகக் காத்திருக்கிறார், அந்த நிறம் அடுத்த சோடியில் இருக்கிறதா, எல்லாவற்றையும் பார்க்கலாம். கண் கொடுத்தவருக்கு அது கிடைக்கும். ஆனால் தன் பெட்டியையும் விடாமல் கட்டிக்கொண்டு அதைப் பார்ப்பதற்குத்தான் வருடக்கணக்கில் பழக வேண்டியிருக்கிறது. தொடக்கத்தில் எதிராளியைப் பார்க்கவே வேண்டாம் என்பேன். படிக்கட்டு யோசிக்காமல் கைக்கு வந்த பிறகு, ஒவ்வொரு சோடியும் தரையைத் தொடுகிற அந்தச் சின்ன இடைவெளியில் ஒரு தடவை கண்ணைத் திருப்பிப் பழகுங்கள்.

வேறு சில விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்குக்குப் பதில் ஐந்து, ஆறு சேர்த்து அழித்தால் கொஞ்சம் கூடுதல் புள்ளி உண்டு. இரண்டு நிறம் ஒரே நேரத்தில் மறைந்தாலும் உண்டு. செயினோடு ஒப்பிட்டால் இரண்டும் சில்லறை. பெட்டி முழுவதும் வெறுமையானால் அடுத்த வெடிப்போடு சேர்த்து 30 குப்பை போகும். தொடக்கத்தில் அது தற்செயலாக வந்தால் வரட்டும், தேடிப் போக வேண்டாம். இரண்டு உயர்ந்த நிரல்களுக்கு நடுவில் சோடி மாட்டிக்கொண்டு சுழலாமல் நின்றால் சுழற்றும் பொத்தானை அடுத்தடுத்து இரண்டு தடவை அழுத்துங்கள், மேல் கீழாக மாறும்.

பழகும் முறை பற்றி. எதிராளி இல்லாமல் தனியாக, நேரம் பார்க்காமல், படிக்கட்டை மட்டும் கட்டுங்கள். கட்டி முடித்தால் வெடிக்க வைத்துவிட்டு மறுபடியும். இடையில் தவறுதலாக ஏதாவது வெடித்தால் கவலைப்படாமல் மிச்சத்தில் இருந்து தொடருங்கள், ஏனென்றால் உண்மையான ஆட்டத்திலும் அப்படித்தான் நடக்கும். இடப்பக்கம் ட்ரிகர் வைத்துப் பழகிய பின் வலப்பக்கம் வைத்தும் கட்டிப் பாருங்கள். பிறகு வீட்டில் ஒருவரோடு விளையாடுங்கள். ஒரே திரையில் இருவர் விளையாடுவதற்கு இணையம் தேவையில்லை. நெட் மெதுவாக இருக்கிற வீடுகளுக்கு இது பெரிய வசதி.

இணையத்தில் விளையாடப் போகிறவர்கள் ஒன்றை மனதில் வைத்திருங்கள். எதிரில் வருகிறவர்களில் பலர் ஜப்பான்காரர், சிறுவயதிலிருந்தே விளையாடுகிறவர்கள். ஜப்பான் நேரம் நம்முடையதைவிட மூன்றரை மணித்தியாலம் முந்தியது. ரியூஷன் முடித்துவந்து இரவு ஏழு மணிக்கு உட்கார்ந்தால் அங்கே பத்தரை. தொடக்கத்தில் தோல்விதான் வரும், அதுவும் கண் மூடித் திறப்பதற்குள் வரும். தோற்ற ஆட்டத்தைச் சேமித்து, மெதுவாகத் திரும்பப் போட்டுப் பாருங்கள். அதில் உங்கள் பெட்டியைப் பார்க்காமல் அவருடைய பெட்டியை மட்டும் பாருங்கள்: எந்தச் சோடியில் மூன்றில் நிறுத்தினார், ட்ரிகரை எந்த நிரலில் வைத்திருந்தார், நீங்கள் எதை வெடிக்க வைத்த பிறகு அவர் தன்னுடையதைத் தொடங்கினார்.